பழைய அமெரிக்கக் கார் வாங்குமுன்: எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததுதானா?

1969 செவ்ரலே கமாரோ ஒன்றை விற்பவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் விரல் நீட்டும் இடம் ஒன்று உண்டு. எஞ்சினின் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) சற்று முன்னால் இருக்கும் சின்னத் தட்டையான பரப்பு. ஸ்டாம்ப் பேட் என்பார்கள். அதில் பஞ்ச் அடித்த எண்களைக் காட்டி "நம்பர்ஸ் மேட்சிங்" என்பார், அதாவது எஞ்சின் எண்ணும் கார் எண்ணும் பொருந்துகின்றன, எஞ்சின் காரோடு பிறந்தது என்று. அந்த இடத்தைக் கடைசியில் பாருங்கள். எழுத்து பஞ்ச் செட் ஒன்றும் ஒரு சுத்தியலும் இருந்தால் அரை மணி நேரத்தில் பொய்யாக்கிவிடக்கூடிய இடம் அது. இரும்பை உருக்கி ஊற்றும்போதே உருவான வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும் அவ்வளவு லேசில் மாறாது. எதைப் பொய்யாக்குவது கடினமோ அதில் தொடங்கி, எளிதானதை நோக்கி வர வேண்டும். விற்பவர் காட்டும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் செவ்ரலேயின் ஸ்மால் பிளாக் வி8 குடும்பம். (பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும், எஞ்சினின் பிரதான இரும்பு வார்ப்பு.) 1955இல் 265 கன அங்குலத்தோடு வந்தது. 1957இல் 283, 1962இல் 327, 1967இல் 350. இடையில் இசட்/28 என்ற வேக ரகக் கமாரோவுக்காக 1967 முதல் 1969 வரை 302. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றேபோல் இருக்கும். ஆரஞ்சு பெயின்ட் அடித்து, குரோம் வால்வ் கவர் மாட்டிவிட்டால் எழுபதுகளின் வேனிலிருந்து கழற்றிய 350க்கும் இசட்/28இன் 302க்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. விலையில் வித்தியாசம் மிகப் பெரியது.

இங்கே வலம், இடம் என்று சொல்வதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது உள்ள வலம், இடம். அமெரிக்கக் காரில் டிரைவர் இடப்பக்கம். பானெட் முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் மாறிவிடும். போனில் பேசும்போது விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வாதிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. கைப்பிடி நீண்ட சிறு கண்ணாடி, பளிச்சென்ற டார்ச், போனில் இணைக்கும் குழாய் கேமரா, கார்புரேட்டர் கிளீனர் ஒரு கேன், நைலான் பிரஷ், வெள்ளைச் சாக்பீஸ், கையுறை. கம்பி பிரஷும் உப்புக்காகிதமும் வேண்டவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

குனியாமலே தெரிவது

எண் தேடும் முன் எஞ்சினை ஒரு சுற்றுப் பாருங்கள். ஸ்மால் பிளாக்கில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் 1979 வரை இடப்பக்கம், 1980 முதல் வலப்பக்கம். 1969 காரில் டிப்ஸ்டிக் வலப்பக்கம் இருந்தால் அந்த பிளாக் குறைந்தது பதினொரு வயது இளையது. அதற்கு மேல் எண் பார்க்க வேண்டியதே இல்லை.

அடுத்தது ஹெட். 1968 வரையிலான ஸ்மால் பிளாக் ஹெட்டுகளின் முனைகளில் ஆல்டர்னேட்டர் போன்றவற்றை மாட்டுவதற்கான திருகுத் துளைகள் கிடையாது. 1969இலிருந்து உண்டு. "ஹெட்டுகூட ஒரிஜினல்" என்று சொல்லப்படும் 1967 காரில் அந்தத் துளைகள் இருந்தால் ஹெட் மாறியிருக்கிறது. துளை இல்லாத ஹெட் 1969 காரில் இருந்தாலும் அதே கதைதான். ஆல்டர்னேட்டரும் அப்படித்தான்: 1968 வரை இடப்பக்கம், 1969 முதல் வலப்பக்கம். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டுக்கு இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம். அதன் வழி தனி.

ஹெட் மாறியிருந்தால் எஞ்சினே மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஐம்பது வருடத்தில் ஹெட் விரிசல் விடும், மாற்றியிருப்பார்கள். மாற்றியதைச் சொன்னாரா, மறைத்தாரா என்பது மட்டும் மனதில் இருக்கட்டும். மற்ற பதில்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது ஓர் அளவு.

வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும்

பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் வந்து சேரும் விளிம்பின் மேல்பகுதி. இடது ஹெட்டுக்குப் பின்னால் ஏழு இலக்க வார்ப்பு எண் புடைப்பாக இருக்கும். அதே விளிம்பில் வலப்பக்கம் வார்ப்புத் தேதி. பெரிய எஞ்சின்களான பிக் பிளாக்கில் எண் இதே இடத்தில்தான். தேதி மட்டும் பிளாக்கின் வலது பக்கவாட்டில், ஸ்டார்ட்டர் பக்கம் இருக்கும், காருக்கு அடியில் போக வேண்டும். ஸ்மால் பிளாக்கில் தீச்சுவருக்கும் (எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள தடுப்பு) பிளாக்குக்கும் நடுவே கை நுழைவதே கஷ்டம். கண்ணாடியைப் பின்னால் நீட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அரை நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். கிளீனர் அடித்து நைலான் பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து உரசினால் புடைப்பு எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் தூக்கித் தெரியும்.

வார்ப்பு எண் ஒரு வடிவமைப்பின் எண். அந்தத் தனிப்பட்ட எஞ்சினின் எண் அல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 3970010 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் தொடங்கி எழுபதுகள் முழுக்க 350களில் வந்த பிளாக் அது. கார், வேன், டிரக் எல்லாவற்றிலும் போயிருக்கிறது. கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் கேப்பில் இரண்டு போல்ட் உள்ளதும் நான்கு போல்ட் உள்ளதும் அதே எண்தான். "010 பிளாக், அப்படியென்றால் நான்கு போல்ட்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆயில் பேனைக் கழற்றாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

தேதி ஓர் எழுத்தில் தொடங்கும். ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே வரிசையாக எல் வரை டிசம்பர். பிறகு நாள். கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். "சி 5 9" என்றால் மார்ச் 5, ஒன்பதில் முடியும் ஆண்டு. அது 1969ஆ, 1979ஆ என்று தேதி சொல்லாது. 3970010 இரண்டு ஆண்டுகளிலும் வார்க்கப்பட்டதால் இந்தக் குழப்பம் வெறும் கற்பனையல்ல. 1979இன் பிளாக்கை 1969 காரில் வைத்து "தேதி சரியாக இருக்கிறது பாருங்கள்" என்று காட்ட முடியும். எந்தப் பத்தாண்டு என்பதை ஸ்டாம்ப் பேடில் உள்ள குறியீட்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். மாடல் ஆண்டு வேறு, காலண்டர் ஆண்டு வேறு. 1969 மாடல் கமாரோக்களின் உற்பத்தி 1968 கோடையின் முடிவில் தொடங்கி 1969 நவம்பர் வரை போனது. முதல் மாதங்களில் வந்த காரின் பிளாக்கில் ஆண்டு இலக்கம் 8 என்று இருப்பதே சரி. அங்கே 9 இருந்தால்தான் சந்தேகம்.

தேதிகளின் வரிசைதான் முழு வேலையின் முதுகெலும்பு. பிளாக் வார்த்த பிறகுதான் எஞ்சினைக் கோர்க்க முடியும், எஞ்சினைக் கோர்த்த பிறகுதான் காரில் ஏற்ற முடியும். தாய்க்கு முன் பிள்ளை பிறக்காது. வார்ப்புக்கும் எஞ்சின் கோர்ப்புக்கும் இடையே சில நாள் முதல் சில வாரம், எஞ்சினுக்கும் காருக்கும் இடையே ஓரிரு வாரம் முதல் ஓரிரு மாதம் என்பது சாதாரணம். கார்வெட் மதிப்பீட்டாளர்கள் ஆறு மாதத்தை வெளி எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். காரின் தேதி தீச்சுவரில் ரிவெட் அடித்த டிரிம் டேக் என்ற சிறு தகட்டில் இருக்கும். மாத எண்ணும் வார எழுத்துமாக: "03டி" என்றால் மார்ச் நான்காம் வாரம். மார்ச் 5 வார்ப்பு, மார்ச் 12 எஞ்சின், மார்ச் நான்காம் வாரம் கார் என்றால் வரிசை இயல்பாக உட்காருகிறது. காரின் தேதிக்கு மூன்று வாரம் கழித்து வார்த்த பிளாக் என்றால் பேடில் என்ன எழுதியிருந்தாலும் பேச்சு முடிந்தது.

இப்போது பேடுக்கு வரலாம்

பேடில் இரண்டு தனித்தனி வரிகள் இருக்க வேண்டும். முதலாவது எஞ்சின் தொழிற்சாலையில் அடித்தது. உதாரணமாக "வி 0312 டிஇசட்". வி என்றால் ஃபிளின்ட், டி என்றால் டோனவாண்டா. ஸ்மால் பிளாக் பெரும்பாலும் ஃபிளின்டில், பிக் பிளாக் டோனவாண்டாவில். 0312 என்றால் மார்ச் 12. கடைசி எழுத்துகள்தான் அந்த எஞ்சின் எந்த வண்டிக்கு, எவ்வளவு குதிரைத்திறனுக்கு, எந்த கியர்பாக்ஸுக்கு என்பதைச் சொல்பவை. 1969இல் டிஇசட் என்றால் இசட்/28இன் 302. 1967, 1968 இரண்டிலும் அதற்கு எம்ஓ.

இந்த வரியில் ஆண்டு கிடையாது என்பதைக் கவனியுங்கள். எழுத்துகளும் ஆண்டுக்கு ஆண்டு வேறு பொருளில் திரும்ப வரும். ஒரே ஜோடி எழுத்து ஓராண்டில் ஒரு காருக்கும் இன்னோராண்டில் வேறொன்றுக்கும் போயிருக்கும். எனவே எழுத்தைப் பட்டியலில் தேடும்போது ஆண்டை உறுதிசெய்துகொண்டு தேட வேண்டும். ஒரு சுலபமான வடிகட்டி உண்டு: 1969 வரை இரண்டெழுத்து, 1970 முதல் மூன்றெழுத்து, பெரும்பாலும் சி என்று தொடங்கும். முன்பு சொன்ன 1969, 1979 குழப்பம் இங்கே தீர்ந்துவிடும். 1969 காரின் பேடில் மூன்றெழுத்து இருந்தால் எஞ்சின் பிற்காலத்தது.

இரண்டாவது வரி காரின் வின் நம்பரிலிருந்து எடுத்த பகுதி. நம் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் என்று இருப்பதுதான் அங்கே வின். கமாரோவில் இது "19என்" என்று தொடங்கி ஆறு இலக்கத்தோடு முடியும். 1 செவ்ரலே, 9 என்றால் 1969, என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் வான் நைஸ் ஆலை. கடைசி ஆறும் டாஷ்போர்டில் கண்ணாடி வழியே தெரியும் வின் பட்டையின் கடைசி ஆறோடு ஒத்துப்போக வேண்டும். சில கார்களில் இந்த வரி பேடில் இல்லாமல், பிளாக்கின் இடப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே கரடுமுரடான வார்ப்புப் பரப்பில் அடித்திருக்கும். பேடில் காணோம் என்றதும் "ஒரிஜினல் இல்லை" என்று முடிவு கட்டாமல் அங்கேயும் துடைத்துப் பாருங்கள். அங்கே பஞ்ச் லேசாகத்தான் விழுந்திருக்கும். சாய்ந்த வெளிச்சம் இல்லாமல் தெரியாது.

வின்னிலேயே ஒரு செய்தி உண்டு. 12437 என்று தொடங்கினால் வி8 கூபே, 12337 என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது. அதைத் தாண்டி எஸ்எஸ், இசட்/28 போன்ற வேக ரகம் எதையும் அந்த ஆண்டுகளின் கமாரோ வின் சொல்லாது. 1972இலிருந்துதான் செவ்ரலே வின்னில் எஞ்சின் எழுத்து வந்தது. செவ்ரலேயின் இன்னொரு மாடலான செவெலில் 1966 முதல் 1968 வரையிலான எஸ்எஸ் 396 மட்டும் 138 என்று தொடங்குவதால் தப்பித்தது. 1969இல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷனாக மாறியதும் அந்த வசதியும் போயிற்று.

திரும்ப அடித்த பஞ்ச்

பேடும் ஹெட் உட்காரும் டெக் பரப்பும் ஒரே தளம். தொழிற்சாலையில் புரோச் என்ற இயந்திரம் அந்தத் தளத்தை ஒரே இழுப்பில் சீவும். அதனால் பேடில் முன்னிருந்து பின்னோக்கி, கிராங்குக்கு இணையாக மெல்லிய நேர்க்கோடுகள் ஓடும். பஞ்ச் அடித்தது அந்தக் கோடுகளுக்கு மேல். கோடுகள் இருக்கின்றனவா, எழுத்துகளின் நடுவே தடையில்லாமல் போகின்றனவா என்று பாருங்கள். உப்புக்காகிதத் தேய்ப்பு, சுழல் வட்டங்கள், கண்ணாடிபோன்ற வழவழப்பு, குறுக்கே ஓடும் கீறல் எல்லாம் யாரோ கைவைத்த அடையாளம். கம்பி பிரஷ் வேண்டாம் என்றது இதற்காகத்தான். உண்மையான பேடைக்கூடப் பொய்போல் ஆக்கிவிடும். கம்பி சக்கரத்தால் "சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்கள் தங்கள் காரின் மதிப்பைத் தாங்களே தேய்த்தவர்கள்.

கோடு இல்லாததெல்லாம் மோசடி என்று சொல்லவும் முடியாது. எஞ்சின் ரீபில்ட் செய்யும் கடையில் டெக்கைச் சமப்படுத்தச் சீவுவார்கள். அப்போது பேடும் சேர்ந்து சீவப்படும், எண்கள் போய்விடும். நேர்மையான வேலைதான். ஆனால் எண் இல்லாத பேடு எண் இல்லாததாகவே இருக்க வேண்டும். சீவிய பேடில் பளிச்சென்று முழு எண்ணும் இருக்கிறது என்றால் அது பிறகு அடித்தது.

பேடை மட்டும் தனியே அரைத்திருந்தால் ஹெட் கேஸ்கட் விளிம்பருகே ஒரு சிறு பள்ளம் தெரியும். சின்ன ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியும் இடம் காட்டிக்கொடுக்கும். எழுத்துகளையும் பாருங்கள். எஞ்சின் ஆலையின் வரி, அச்சுகளை ஒரு பிடியில் சேர்த்துக் கோர்த்து அடித்தது. உயரம், இடைவெளி சீராக இருக்கும். வின் வரியைக் கார் ஆலையில் வேறு கருவியால் அடித்தார்கள். இரண்டு வரிகளும் ஒரே எழுத்துரு, ஒரே ஆழம், ஒரே கை என்றால் அதுதான் உறுத்த வேண்டும். சீராக இருப்பதே நல்லது என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். அதே ஆலையில் அதே வாரங்களில் பிறந்த, ஐயத்துக்கிடமில்லாத கார்களின் பேடு படங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான் சரியான வழி. எழுத்தின் வால், வளைவு, இடைவெளி எல்லாம் பொருந்த வேண்டும்.

விலை அதிகமென்றால் இந்த ஒரு வேலைக்கே அந்த மாடலை அறிந்த பரிசோதகர் ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். கார் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

பேடில் "சிஇ" என்று தொடங்கும் எண் இருந்தால் குழம்ப வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் கெட்டால் செவ்ரலே கொடுத்த மாற்று பிளாக் அது. சிஇக்கு அடுத்த இலக்கம் ஆண்டைச் சொல்லும். காரோடு பிறந்தது அல்ல, ஆனால் குப்பையிலிருந்து எடுத்ததும் அல்ல. அப்போதைய டீலர் ரசீது சேர்ந்திருந்தால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு.

இன்னொன்று பலர் மறந்துவிடுவது: எண்கள் வெளி இரும்பைப் பற்றி மட்டும்தான் பேசும். 302, 327, 350 மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3, 3.25, 3.48 அங்குலம் என்று கிராங்கில்தான் வித்தியாசம். உண்மையான டிஇசட் பிளாக்குக்குள் 350இன் கிராங்க் சுற்றிக்கொண்டிருக்கலாம். பெரிய விலை கேட்டால் ஆயில் பேனைக் கழற்றிக் கிராங்கைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

1968க்கு முந்தையவை

மேலே சொன்ன வின் வரி, செவ்ரலே, போன்டியாக் இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கார்களில் பொதுவழக்கமானது 1968 மாடலிலிருந்து. கார்வெட்டில் 1960 முதலே உண்டு. மற்றபடி 1966 செவெலிலோ 1967 கமாரோவிலோ பெரும்பாலும் எஞ்சினையும் காரையும் எண்ணால் கட்டிப்போடும் எதுவும் பிளாக்கில் இல்லை. எழுத்துக் குறியீடு சரி, தேதிகள் சரி என்பதுவரைதான் போக முடியும். அது "பொருத்தமான எஞ்சின்". "இதே எஞ்சின்" என்பதற்கு ஆதாரம் அல்ல. இந்த ஆண்டுக் கார்களை "நூறு சதம் ஒரிஜினல் எஞ்சின்" என்று விற்பவரிடம் புரொடெக்ட்-ஓ-பிளேட் கேளுங்கள். 1965 முதல் 1972 வரை வாரன்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன உலோகத் தகடு. எஞ்சின் குறியீடும் தேதியும் அதில் புடைப்பாக இருக்கும். அதையும் புதிதாக அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தகடு மட்டும் மினுமினுக்க, புத்தகம் பழுப்பேறியிருந்தால் யோசியுங்கள்.

ஃபோர்ட், கிரைஸ்லர், போன்டியாக்

ஃபோர்டின் மஸ்டாங் வாங்குபவருக்கு ஒரு வசதி: வின்னின் ஐந்தாவது எழுத்தே எஞ்சின். சி என்றால் இரண்டு பேரல் (கார்புரேட்டரின் காற்று வழி) 289, ஏ என்றால் நான்கு பேரல் 289, கே என்றால் 271 குதிரைத்திறன் 289. 1969இல் ஆர் என்றால் ராம் ஏர் (வெளிக்காற்றை நேரே உள்ளிழுக்கும் அமைப்பு) உள்ள 428 கோப்ரா ஜெட், கியூ என்றால் அது இல்லாதது, ஜி என்றால் பாஸ் 302, இசட் என்றால் பாஸ் 429. கார் என்னவாகப் பிறந்தது என்பது இதில் தெரிந்துவிடும். இப்போது உள்ளே இருப்பது அதே எஞ்சினா என்பது தனிக் கேள்வி. கே குறியீட்டு எஞ்சின்கள் தவிர, 1968க்கு முந்தைய ஃபோர்ட் எஞ்சின்களில் வின் அடிக்கவில்லை. சாதாரண 1966 மஸ்டாங் 289ஐ "நம்பர்ஸ் மேட்சிங்" என்று யாராவது சொன்னால் எந்த எண் எதோடு மேட்ச் என்று கேளுங்கள். பதில் வராது. 1968 முதல் ஸ்மால் பிளாக்குகளில் பிளாக்கின் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்புறம் இடது ஓரத்தில் தேடலாம்.

ஃபோர்ட் வார்ப்பு எண் ஆண்டையும் சொல்லும். சி5ஏஇ-6015 என்றால் சி அறுபதுகள், 5 என்றால் 1965, 6015 என்றால் பிளாக். 289இல் இது வலப்பக்கம் ஸ்டார்ட்டருக்கு மேலே. பல நேரம் ஸ்டார்ட்டரைக் கழற்றினால்தான் தெரியும். தேதியில் ஆண்டு முன்னால் வரும்: "5கே12" என்றால் 1965 அக்டோபர் 12. செவ்ரலேயில் பழகியவர்கள் கே என்றால் நவம்பர் என்று வாசித்துவிடுவார்கள். ஃபோர்ட் ஐ எழுத்தை விட்டுவிட்டு எண்ணுவதால் கே பத்தாவது. ஃபோர்டின் எஃப்இ என்ற பெரிய எஞ்சின் வகையில் ஒரு பொறி உண்டு. பல பிளாக்குகளின் முகப்பில் 352 என்று வார்த்திருக்கும். உள்ளே 390ஓ 428ஓ இருக்கும். அந்த 352ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், விலை குறைக்கவும் வேண்டாம்.

கிரைஸ்லரின் டாட்ஜ், பிளிமத் கார்களிலும் ஐந்தாவது எழுத்துதான் எஞ்சின், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 426 ஹெமி 1969இல் ஜே, 1970இல் ஆர். 1970இல் யூ என்றால் நான்கு பேரல் 440, வி என்றால் மூன்று கார்புரேட்டர் 440. 1968 முதல் வின்னின் கடைசி எட்டும் பிளாக்கில் உண்டு. பிக் பிளாக்கிலும் ஹெமியிலும் அது வலப்பக்கம் கீழே, ஆயில் பேன் சேரும் விளிம்புக்குச் சற்று மேலே. மேலிருந்து தெரியாது, காரைத் தூக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். வார்ப்புத் தேதியை மாதம், நாள், ஆண்டு என்று முழுதாகவே போட்டிருப்பதால் பத்தாண்டுக் குழப்பம் இங்கே இல்லை.

போன்டியாக்கில் 350, 400, 455 எல்லாம் வெளியே ஒரே அளவு. குறியீடு வலது ஹெட்டுக்குக் கீழே பிளாக்கின் முன்முகத்தில். 1966 முதல் 1971 வரை ஜிடிஓ என்ற மாடலின் வின் 242 என்று தொடங்கும். 1964, 1965இல் ஆப்ஷன் மட்டும், வின் சொல்லாது. ஆனால் போன்டியாக்காரர்கள் பாக்கியசாலிகள். பிஎச்எஸ் என்ற நிறுவனம் ஆலை விலைச்சீட்டுகளின் நகலை வின் கொடுத்தால் தரும். 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்ற ஆவணம் அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்களுக்கு அப்படியொரு முழுப் பதிவு இல்லாததால்தான் பேடு பஞ்ச்சுக்கு இத்தனை முக்கியத்துவமும் இத்தனை மோசடியும். கனடாவில் விற்ற ஜிஎம் கார் என்றால் ஜிஎம் கனடாவின் பதிவுகளிலிருந்து ஆலை விவரம் பெறலாம். டொரொன்டோ பக்கம் கார் தேடும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். விளம்பரத்தில் சொல்லப்படும் பாதி கதைகள் ஒரே தாளில் முடிவுக்கு வரும்.

காரே அந்தக் கார்தானா

எஞ்சின் எண் டாஷ்போர்டு வின்னோடு ஒத்துப்போனாலும் ஒரு கேள்வி மிச்சம். வின் பட்டை வேறு காரிலிருந்து வந்ததாக இருந்தால்? ஜிஎம் பட்டையை ஆறு இதழ் பூப்போன்ற ரிவெட்டால் அடித்திருக்கும். சாதாரண பாப் ரிவெட் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். 1968, 1969 கமாரோவில் பாடியிலேயே மறைவாக வின் அடித்த இடங்கள் உண்டு. ஒன்று தீச்சுவரில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால். எஞ்சின், பட்டை, பாடி மூன்றும் ஒன்று சொல்ல வேண்டும். கியர்பாக்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம்: மன்சி என்ற நான்கு கியர் பெட்டியிலும் வின் பகுதி இருக்கும். எஞ்சின் மட்டும் பொருந்தி, கியர்பாக்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் எல்லாம் வெவ்வேறு ஆண்டு என்றால் எஞ்சினை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். வின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட காரை வாங்கிவிட்டால் பிறகு பதிவு செய்வதும் விற்பதும் சிக்கல்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்

தூரத்து ஊர்க் கார் என்றால் முதலில் படம் கேளுங்கள். பேடு, நேர் வெளிச்சத்தில் ஒன்று, இரு பக்கமிருந்தும் சாய்த்த வெளிச்சத்தில் ஒவ்வொன்று. ஆயில் ஃபில்டருக்கு மேல்பகுதி. வார்ப்பு எண், வார்ப்புத் தேதி. வின் பட்டை ரிவெட்டோடு. டிரிம் டேக். ஒரே வீடியோவில் வின் பட்டையில் தொடங்கி வெட்டாமல் பேடுவரை கேமராவை நகர்த்தச் சொல்வது இன்னும் நல்லது. வேறு காரின் படத்தை அனுப்பும் வேலை அதில் நடக்காது. "அங்கே கை எட்டாது", "ஏசி கம்பிரசர் மறைக்கிறது" என்ற பதில்களில் கொஞ்சம் உண்மையும் இருக்கும், ஏசி உள்ள காரில் பேடு நிஜமாகவே மறைந்திருக்கும். அதற்காகத்தான் கண்ணாடியும் குழாய் கேமராவும்.

எஞ்சின் மாறியிருப்பது தெரிந்தால் காரை ஒதுக்க வேண்டுமென்பதில்லை. ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு நன்றாகக் கட்டிய 350 போதும், விலை மட்டும் அதற்கேற்றதாக இருக்கட்டும். பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டுவையுங்கள். பல நேரம் அது கராஜ் மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும், விற்பவரே மறந்திருப்பார். கிடைத்தால் விலை பேசும்போதே சேர்த்துக் கேளுங்கள். வின் பொருந்தினாலும் பிளாக் பிழைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் உறைந்து பக்கவாட்டில் விரிசல் விட்டதா, கனெக்டிங் ராடு உடைத்துத் துளை போட்டதா, சிலிண்டரை ஏற்கெனவே எவ்வளவு குடைந்திருக்கிறார்கள். 0.030 அங்குலம் என்றால் இன்னும் இடமிருக்கிறது. 0.060ஐத் தொட்டிருந்தால் அடுத்த முறை ஸ்லீவ் போடும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

விற்பனைப் பத்திரத்தில் "நம்பர்ஸ் மேட்சிங்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி நழுவ இடம் தரும் சொல் அது. பிளாக்கில் பஞ்ச் அடித்திருப்பது இன்ன எண், வார்ப்புத் தேதி இன்னது, இது இந்தக் காரோடு ஆலையிலிருந்து வந்த எஞ்சின் என்று விற்பவர் உறுதியளிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறுதியாக இருப்பவர் தயங்காமல் போடுவார்.

வாங்கிய பிறகு எஞ்சினை ரீபில்டுக்குக் கொடுத்தால், கழற்றும் முன் பேடை அளவுகோலோடு படமெடுத்துவிட்டு, "பேடைத் தொடக் கூடாது" என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டெக்கைச் சீவ வேண்டிய அவசியம் வந்தாலும் கட்டரைப் பேடுக்கு முன்னால் நிறுத்த முடியும். சுத்தம் செய்யும்போது பேடின் மேல் மணல் வீச்சும் கூடாது.